சுவரை நகர்த்தலாம் என்று சொல்லி விற்ற வீடு: மாடுலர் அடுக்குமாடி வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

வட சென்னையில் மாடுலர் அடுக்குமாடியில் (தொழிற்சாலையில் வார்த்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்திக் கட்டுவது) வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். "உள்சுவரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், நகர்த்தலாம், பக்கத்து வீட்டையும் வாங்கினால் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம்" என்று சேல்ஸ் ஆபீசில் சொன்னால், எந்தெந்தச் சுவர் என்று வரைபடத்தில் குறித்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தோடு கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் அந்த வீடு வேண்டாம். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் எங்களிடம் கூடுதல் பணம் வாங்கினார்கள். இன்று நகர்த்தவே முடியாத கான்கிரீட் சுவர்களுக்கு நடுவில் என் அம்மா ஒரே அறையில் அடைந்து கிடக்கிறார். புகார் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நிலுவையில் இருப்பதால் பில்டர் பெயரைப் போடவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்த எங்கள் தாத்தா வீடு பாகப்பிரிவினையில் விற்கப்பட்டது. வந்த பங்கோடு பேங்க் லோனையும் சேர்த்து, ஏரியாவை விட்டுப் போகாமல் வாங்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அம்மாவுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சிகிச்சை, சொந்தக்காரர்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, பழைய கம்பெனி இடங்களிலும் குடோன்களிலும் பத்து மாடி, இருபது மாடி என்று எழும்ப ஆரம்பித்தது. அப்படி ஒரு இடத்தில்தான் பதினோராவது மாடியில் இரண்டு பெட்ரூம் வீட்டை புக் செய்தோம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது, சக்கர நாற்காலிதான். இதை முதல் நாளே சேல்ஸ் பையனிடம் சொன்னேன். அம்மாவின் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை மூன்று அடி தள்ள வேண்டும், அப்போதுதான் நாற்காலி திரும்பும் என்றேன். "சார், இது மாடுலர் டிசைன். அதுக்குத்தான் இதைப் பண்ணிருக்கோம். சாவி வாங்கின அடுத்த வாரமே தள்ளிக்கலாம்" என்றார். மாதிரி வீட்டுக்குக் கூட்டிப்போய் அதே சுவரைத் தட்டிக் காட்டினார். டொக் டொக் என்று உள்ளே காலியாகக் கேட்டது. இரும்புச் சட்டத்தில் ஜிப்சம் போர்டு அடித்த சுவர். அடுத்த மாதிரி வீட்டில் அதே சுவர் இல்லாமல் பெரிய ஹாலாகக் காட்டினார்கள். இந்த வசதிக்காக "ஃப்ளெக்சி பிளான்" என்று சதுர அடிக்கு 250 ரூபாய் கூடுதல். அதற்கு ரசீது இருக்கிறது.

அவர்கள் கொடுத்த பளபள புத்தகத்தில் டோக்கியோவில் இருந்த நக்காகின் கேப்ஸ்யூல் டவர் படமும் இருந்தது. கிஷோ குரோகாவா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1972ல் கட்டி முடித்தது. 140 பெட்டிகளை இரண்டு தூண் கோபுரங்களில் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். பழசான பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டலாம் என்பதுதான் அதன் யோசனையே. பிறகு நான் தேடிப் படித்தபோது தெரிந்தது: ஒரு பெட்டிகூட அப்படி மாற்றப்படவில்லை. ஒன்றைக் கழற்ற வேண்டும் என்றால் அதற்கு மேலே இருப்பவற்றையும் கழற்ற வேண்டியிருந்தது. தண்ணீர்க் கசிவோடு கடைசி வரை ஓட்டி, 2022ல் கட்டடத்தையே பிரித்துவிட்டார்கள். இந்தப் படத்தைக் காட்டித்தான் எங்களுக்கு "எதிர்காலத்துக்கு ஏற்ற வீடு" என்று விற்றார்கள்.

சாவி கைக்கு வந்ததும் அம்மா அறைச் சுவரில் கைப்பிடி மாட்ட எலக்ட்ரீஷியன் பாபுவை அழைத்து வந்தேன். டிரில் போட்ட உடனேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செங்கல் சுவர் என்றால் சிவப்புத் தூள் வரும், ஜிப்சம் போர்டு என்றால் வெள்ளை மாவு கொட்டும். இங்கே வந்தது சாம்பல் நிறத் தூள். இரண்டு இஞ்ச் போவதற்குள் டிரில் கத்த ஆரம்பித்தது, பிட் முனை நீலம் பூத்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டைக்குள் கம்பி மின்னுகிறது. "அண்ணே, இது பார்ட்டிஷன் இல்ல, கான்கிரீட். இத யாருண்ணே தள்ளலாம்னு சொன்னது?" என்று பாபு மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

சைட் இன்ஜினியரைத் தேடிப் பிடித்தேன். சின்னப் பையன், பொய் சொல்ல வரவில்லை. "சார், அது லோடு பேரிங் பேனல். மேல எட்டு மாடி அது மேலதான் உக்காந்திருக்கு. உடைச்சிடாதீங்க" என்றார். மாதிரி வீட்டில் ஏன் ஜிப்சம் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவரும் ப்ரீகாஸ்ட் கட்டடத்தில் இரண்டு வகை உண்டு. தூணும் பீமும் எடையைச் சுமந்தால், நடுவில் இருப்பது வெறும் தடுப்புச் சுவர், அதை எடுக்கலாம். சுவர் பேனல்களே எடையைச் சுமந்தால், அவற்றில் கதவளவு ஓட்டை போடுவதுகூட ஆபத்து. எங்களுக்கு முதல் வகையைக் காட்டி இரண்டாம் வகையைக் கொடுத்திருக்கிறார்கள். மைவான் என்று சொல்கிற அலுமினியப் பலகை அடித்து வார்க்கும் முறையிலும் பெரும்பாலும் உள்சுவர்களே எடையைச் சுமப்பவை, அதனால் அங்கேயும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

சுவர் போனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் இருந்த ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பே உதாரணம். பெரிய பேனல்களை அடுக்கிக் கட்டியது. மக்கள் குடிபோய் இரண்டே மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16ம் தேதி காலையில் 18வது மாடியில் கேஸ் வெடித்து வெளிச்சுவர் பேனல் ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்து நின்ற மேல்மாடிகள் சரிந்து, அந்த எடையில் கீழ்மாடிகளும் சரிந்து, ஒரு மூலை முழுக்க மேலிருந்து கீழ்வரை விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். 1986ல் அந்தக் கட்டடத்தைப் பிரித்தபோது, கலவை நிரம்பியிருக்க வேண்டிய ஜாயின்ட்டுகளில் செய்தித்தாளும் குப்பையும் கிடந்தன. உள்ளே பூசி மூடிவிட்டால் குடியிருப்பவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் மாடியில் ஏற்கெனவே ஒருவர் ஹால் சுவரை உடைக்க மேஸ்திரியை அழைத்து வந்துவிட்டார். அவரிடமும் தள்ளலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஓடிப்போய் நிறுத்தினோம். பணம் போனதைவிட எனக்குப் பயம் இதில்தான். சேல்ஸில் சொன்னதை நம்பி யாராவது ஒருவர் உடைத்துவிட்டால், மேலே கீழே இருக்கும் அத்தனை குடும்பத்துக்கும் ஆபத்து.

அடுத்தது பாத்ரூம். தரை, சுவர், டைல்ஸ், குழாய் எல்லாம் தொழிற்சாலையிலேயே முடித்து ஒரு பெட்டியாகக் கொண்டுவந்து கிரேனில் தூக்கி வைப்பது. உள்ளபடியே நல்ல முறைதான், சரியாகச் செய்தால் கசிவு குறையும். ஆனால் அந்தப் பெட்டிக்கு அதற்கென்று ஒரு தரை இருக்கிறது. அதன் கனத்துக்கு ஏற்ப ஸ்லாபைப் பள்ளமாக வார்த்திருந்தால்தான் பாத்ரூம் தரையும் அறைத் தரையும் ஒரே மட்டத்துக்கு வரும். இங்கே பள்ளம் விடாமல் தட்டையான ஸ்லாபில் தூக்கி வைத்திருக்கிறார்கள். விளைவு, வாசலில் நான்கு இஞ்ச் படி. கதவு அகலம் இரண்டேகால் அடி. சக்கர நாற்காலி நுழையாது, நுழைந்தாலும் ஏறாது. கதவைப் பெரிதாக்கலாம் என்றால் அந்தச் சுவர் பெட்டியின் சட்டத்தோடு சேர்ந்தது, வெட்டினால் டைல்ஸ் முழுக்க விரியும். அம்மாவைத் தினமும் இரண்டு பேர் தூக்கித்தான் குளிப்பாட்டுகிறோம். சொந்த வீட்டில் யாருக்கும் பாரமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர்.

இன்னொன்று, இப்படிப்பட்ட பாத்ரூமில் குழாய் ரிப்பேரை வெளியே குழாய்கள் இறங்கும் டக்ட் பக்கத்திலிருந்துதான் செய்ய வேண்டும். அதற்கு ஆள் நுழையும் அளவுக்குக் கதவு வைத்திருக்க வேண்டும். எங்கள் மாடியில் அந்த இடத்தைப் பூசி பெயின்ட் அடித்து மூடிவிட்டார்கள். எங்கே என்றே தெரியவில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தபோது மூன்றாவது விஷயமும் வெளியே வந்தது. கிழக்குப் பக்கம், கடல் காற்று நேராக அடிக்கும் சுவர். பேனலும் பேனலும் சேரும் இடத்தில் நூல் பிடித்த மாதிரி நேர்கோடாக ஓதம் இறங்கியது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஜாயின்ட்டை அடைக்கும் வெளிப்பக்க சீலன்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். ரப்பர் பட்டை போல ஒரு முழம் அப்படியே கையோடு உரிந்து வந்தது. அதன் பின்பக்கம் முழுக்க சிமெண்ட் தூசு. ஜாயின்ட்டைச் சுத்தம் செய்யாமல், பிரைமர் போடாமல் தூசு மேலேயே அடித்திருக்கிறார்கள். அப்படி அடித்தால் எது ஒட்டும்? புகார் கொடுத்ததும் ஆள் வந்து உள்பக்கம் வாட்டர்புரூஃப் பெயின்ட் ஒரு கோட் அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழையில் பெயின்ட் கொப்பளித்து உப்பு பூத்தது.

நம் பக்கத்தில் இதைச் சாதாரண ஒழுகல் என்று விடக்கூடாது. கடலோரக் காற்றுபடும் கான்கிரீட்டை இந்தியத் தரம் ஐ.எஸ். 456 கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது. குறைந்தது எம்30 என்ற வலிமை கொண்ட கான்கிரீட், கம்பிக்கு மேல் அதை மூடும் கான்கிரீட் (கவர்) 45 மி.மீ. என்பது அதன் கணக்கு. ப்ரீகாஸ்ட்டில் பேனல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கம்பி ஜாயின்ட்டில்தான் இருக்கிறது. அங்கே உப்புத் தண்ணீர் இறங்கினால் துரு உள்ளுக்குள்ளேயே வளரும். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியே வந்ததால்தான் உயிர் தப்பினார்கள். அது வேறு வகைக் கட்டடம், காரணமும் வேறாக இருக்கலாம். ஆனாலும் சுவரில் ஓதம் கண்டால் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.

இந்த முறையே மோசம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் வீட்டுத் திட்டத்தில் 1,152 வீடுகள் ப்ரீகாஸ்ட்டில் கட்டி 2022ல் திறந்தார்கள். சிங்கப்பூரில் முடித்த அறைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி 40 மாடி கட்டியிருக்கிறார்கள். முறை நல்லதுதான். எங்களிடம் செய்தது வியாபாரத்தில் நேர்ந்த பிழை இல்லை. மாதிரி வீட்டை ஒரு விதமாகவும் உண்மையான வீட்டை வேறு விதமாகவும் கட்டுவதற்கு யாரோ உட்கார்ந்து முடிவு எடுத்திருக்க வேண்டும்.

கேட்டால் அவர்கள் பதில் இதுதான்: "அக்ரிமென்ட்டில் எங்கே இருக்கு? புத்தகத்தில் இருப்பது மாதிரிக்குத்தான்னு கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கோமே." இதைக் கேட்டுப் பலர் அடங்கிவிடுகிறார்கள். அடங்க வேண்டியதில்லை. ரெரா சட்டத்தின் 12வது பிரிவு, விளம்பரத்தையோ விளக்கப் புத்தகத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கொடுத்தவருக்கு, அதில் சொன்னது பொய் என்றால் இழப்பீடு கேட்க உரிமை தருகிறது. மாதிரி வீடு என்பதே அந்தப் பிரிவில் இருக்கிறது. 14வது பிரிவின்படி, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை சொன்னால், 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்து கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சில் சொன்னால் பயனில்லை, பதிவுத் தபாலில் எழுத்தாகக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் டவரில் சில குடும்பங்கள் சேர்ந்து, ஒரு தனி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துச் சுவர்களையும் ஜாயின்ட்டுகளையும் பார்த்து ரிப்போர்ட் வாங்கி, அதையும் சேர்த்துத்தான் புகார் கொடுத்திருக்கிறோம்.

வாங்காதவர்களுக்கு: பதிவு செய்த அக்ரிமென்ட் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை, 13வது பிரிவு. "இன்னைக்கே கொடுத்தாத்தான் இந்த ரேட்" என்று நெருக்கினாலும் கொடுக்காதீர்கள். மாதிரி வீட்டைப் பார்த்ததோடு திரும்பாமல், கட்டிக்கொண்டிருக்கும் மாடிக்கே ஏறிப் பாருங்கள். பூசுவதற்கு முன்னால் எது கான்கிரீட், எது தடுப்பு என்று கண்ணாலேயே தெரியும். பாத்ரூம் வரும் இடத்தில் ஸ்லாபில் பள்ளம் விட்டிருக்கிறார்களா என்பதும் அப்போதுதான் தெரியும். பாதுகாப்பு என்று காரணம் சொல்லி மேலே விட மறுத்தால், ஹெல்மெட் போட்டுக்கொண்டு இன்ஜினியரோடு வருகிறேன் என்று எழுதிக் கேளுங்கள். சுவரை எடுக்கலாம் என்ற வாக்கு அக்ரிமென்ட்டின் இணைப்பில் வரைபடமாக வர வேண்டும்.

ஏற்கெனவே வாங்கி, சாவிக்காகக் காத்திருப்பவர்கள் ஒப்படைப்புக் கடிதத்தில் "திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியில் அப்படியே கையெழுத்துப் போடாமல், கண்ட குறைகளை அதன் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மாதிரி வீட்டில் நீங்கள் எடுத்த போட்டோ, வீடியோ, சேல்ஸ் ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் திட்டத்தில் மாதிரி வீட்டை இடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்குச் சுவரைத் தட்டிக் காட்டியதைச் சும்மா வீடியோ எடுத்து வைத்திருந்தார். புகாரில் இப்போது முதல் சான்றாக இணைத்திருப்பது அதைத்தான்.