சிபிபியும் பி300உம்: சாய்கோட்டுக்கு இருபுறமும்

சிபிபி, பி300 என்னும் இரு புரதங்களையும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டு ஒரே பெயர் போல எழுதுவது ஆய்வாளர்களின் வழக்கம். சோதனைக் குழாய் அளவில் அதில் குறை சொல்ல அதிகமில்லை. உடலுக்குள் போனால்தான் அந்தக் கோடு உறுத்தத் தொடங்குகிறது.

இரண்டுமே ராட்சதப் புரதங்கள். சிபிபியில் 2,442 அமினோ அமிலங்கள், பி300இல் 2,414. முன்னதன் மரபணு 16ஆம் குரோமோசோமிலும் பின்னதன் மரபணு 22ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன. டிஎன்ஏ வரிசையைத் தாமாகப் படித்து அதில் உட்காரும் வேலை இவற்றுக்கில்லை. ஏற்கெனவே அங்கே அமர்ந்து மரபணுக்களை இயக்கும் படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்களைப் பற்றிக்கொண்டு, பக்கத்து ஹிஸ்டோன்களில் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில்) அசிட்டைல் என்னும் சிறு வேதித் தொகுதியை ஒட்டுகின்றன. எச்3 ஹிஸ்டோனின் 27ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் முக்கிய இலக்கு. அந்த ஒட்டு விழுந்த இடத்தில் மரபணு படியெடுக்கப்படுவது எளிதாகிறது. ஒட்டும் வேலையைச் செய்யும் நொதிப்பகுதி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால்தான் 2017இல் வெளியான ஏ-485 என்ற தடுப்பு மூலக்கூறு இரண்டையும் சேர்த்தே முடக்குகிறது.

கண்டெடுக்கப்பட்ட வழிகள் வேறு. பாஸ்பேட் ஏறிய கிரெப் என்ற படியெடுப்புக் காரணியோடு சேரும் துணையாக 1993இல் சிபிபி அறிமுகமானது. அடினோவைரஸின் இ1ஏ புரதம் வளைத்துப் பிடிக்கும் இரையாகத் தெரியவந்தது பி300.

ஒன்று போனால் மற்றது ஈடுகட்டாதா? எலிகளிடம் கேட்டால் பதில் கறாராக வருகிறது. எந்த ஒன்றை முழுதாக நீக்கினாலும் கரு பிழைப்பதில்லை. இரண்டிலும் ஆளுக்கொரு பிரதி மட்டும் குறைந்தாலும் அதே கதி. ஆக, மொத்த அளவே உயிர்நாடி என்று வாதிடலாம், ஓரளவு சரிதான். ஆனால் எல்லா இரத்த அணுக்களுக்கும் மூலமான இரத்தத் தண்டணுக்கள் அந்த வாதத்தை உடைக்கின்றன. தண்டணு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளச் சிபிபி வேண்டும்; முதிர்ந்த இரத்த அணுவாக மாற பி300 வேண்டும். ஒரே அணுவுக்குள் இப்படி வேலைப் பிரிவினை!

மனிதரிடம் ரூபின்ஸ்டைன்-டேபி நோய்த்தொகுதி என்னும் மரபணுக் கோளாறைப் பாருங்கள். அகன்ற கட்டைவிரல், வளர்ச்சித் தாமதம், தனித்த முகச்சாயல் இதன் அடையாளங்கள். நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் சிபிபி மரபணுவில்தான் பழுது. பி300 பழுது பத்தில் ஒருவருக்கும் குறைவு. பின்னவர்களிடம் கட்டைவிரல் மாற்றம் பெரும்பாலும் மெலிதாக இருக்கும், அறிவுத்திறன் பாதிப்பும் குறைவு. ஆனால் அவர்களைச் சுமந்த தாய்மாரிடம் கர்ப்பகால முன்சன்னி (உயர் இரத்த அழுத்தத்தோடு வரும் கோளாறு) அதிகம் காணப்படுகிறது. விரலை மட்டும் பார்த்து முடிவுகட்டினால் இவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

புற்றுநோயிலும் சமநிலை இல்லை. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயில் சிபிபி திரிபே மிகுதி. சிபிபியை இழந்த புற்றணுக்கள் பி300ஐயே நம்பிப் பிழைப்பதால், பி300ஐ மட்டும் தாக்கும் மருந்து அவற்றைக் குறிவைத்துக் கொல்லக்கூடும், மற்ற அணுக்களைச் சிபிபி காப்பாற்றும். இரண்டையும் பிரித்தறியாத தடுப்பான்களிடம் அந்த நுட்பத்தை எதிர்பார்க்க முடியாது.