பி-2 நீட்டிப்புக்கு 'பிரீமியம்' கட்டணம் கேட்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்

அமெரிக்காவுக்குப் பி-2 என்ற பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோர் தங்கும் காலத்தை நீட்டிக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "பிரீமியம் கட்டினால் இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அந்த நிமிடமே நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். பி-2 நீட்டிப்புக்கு அப்படி ஒரு விரைவு வழி கிடையவே கிடையாது. தங்கும் காலத்தை நீட்டிக்கவோ விசா வகையை மாற்றவோ கொடுக்கும் ஐ-539 படிவத்தில் விரைவுப் பரிசீலனை உண்டுதான். ஆனால் அது எஃப், எம், ஜே என்ற மாணவர் மற்றும் பரிமாற்றப் பயணி வகைகளுக்கு மாறுகிறவர்களுக்கு மட்டும். இல்லாத அந்த வழிக்காக எங்களிடம் 600 டாலர் வாங்கினார், நியூ ஜெர்சியில் கடை விரித்திருக்கும் நம்மூர் 'குடியேற்ற ஆலோசகர்' ஒருவர். அதோடு நின்றிருந்தால் வயிற்றெரிச்சலோடு விட்டிருப்பேன். அந்த மனிதர் விண்ணப்பத்தையே அனுப்பவில்லை.

தங்கையின் பிரசவத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார் அம்மா. ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருந்த நிலையில், ஜனவரிப் பனியில் வாசற்படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மார்ச் முடியும்வரை நீண்ட விமானப் பயணம் கூடாது என்று எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு முடிவதோ பிப்ரவரிக் கடைசியில். அனுமதிக் காலம் முடிவதற்குக் குறைந்தது 45 நாட்கள் முன்பே விண்ணப்பிக்கும்படி யு.எஸ்.சி.ஐ.எஸ். என்ற அமெரிக்கக் குடியேற்றத் துறை பரிந்துரைக்கிறது. தங்கைக்குக் கைக்குழந்தை, அம்மாவுக்குக் கட்டுப் போட்ட கால், எனக்கு அலுவலகத்தில் ஆண்டுத் தொடக்க நெருக்கடி. கோவிலில் பழக்கமான ஒருவர் இந்த ஆலோசகரின் எண்ணைக் கொடுத்தார்.

அலுவலகத்தில் பிள்ளையார் படம், பக்கத்திலேயே கழுகுச் சின்னம். பேச்சில் தேன். "நீங்கள் வழக்கறிஞரா?" என்று கேட்டதற்கு, "எங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் சார்" என்றார். அந்த வழக்கறிஞரின் பெயர் கடைசிவரை வெளியே வரவில்லை. வழக்கறிஞர் ஒருவர் நமக்காக ஆஜரானால் ஜி-28 என்ற படிவத்தில் அவரும் நாமும் கையெழுத்திட வேண்டும். அதுவும் வரவில்லை.

ஒரு தாளில் கணக்கு எழுதித் தந்தார். அரசுக் கட்டணம் 470, கைரேகை 85, பிரீமியம் 600, சேவை 350, ஆக மொத்தம் 1,505 டாலர். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு வரிகூட ஒழுங்காக இல்லை. 2024 ஏப்ரல் 1 முதல் இந்தப் படிவத்தைத் தபாலில் அனுப்பினால் 470 டாலர், இணையத்தில் அனுப்பினால் 420 டாலர். இணையத்தில்தான் அனுப்பப் போவதாகச் சொன்னவர் தபால் கட்டணத்தை எழுதியிருக்கிறார். ஐ-539க்கான 85 டாலர் கைரேகைக் கட்டணம் 2023 அக்டோபர் 1 அன்றே நீக்கப்பட்டுவிட்டது. பிரீமியத்தைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். சேவைக் கட்டணம் வாங்கியது எந்தச் சேவைக்கு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) சேவை வழியாகத்தான் அனுப்பச் சொன்னார். நாமே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் என்பதால் வங்கி கைவிரித்துவிட்டது.

பணத்தைவிட ஆபத்தானது அவர் சொன்ன ஒரு பேச்சு. "அம்மாவின் விசாதான் பத்து வருடத்துக்கு இருக்கிறதே, பதற்றம் எதற்கு?" பெற்றோர் பலர் நம்பிக்கொண்டிருப்பதும் இதைத்தான். விசா என்பது எல்லைக்கு வந்து உள்ளே விடும்படி கேட்பதற்கான சீட்டு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஐ-94தான் முடிவு செய்கிறது. விண்ணப்பம் எதுவும் நிலுவையில் இல்லாமல் அந்தத் தேதியைத் தாண்டினால் பத்து வருட விசாவே செல்லாததாகிவிடும். 180 நாட்களுக்கு மேல் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்று ஆண்டுகளுக்கும், ஓர் ஆண்டோ அதற்கு மேலோ தங்கிவிட்டால் பத்து ஆண்டுகளுக்கும் திரும்பி வரத் தடை. பேரப் பிள்ளையை இனிமேல் போனில்தான் பார்க்க முடியும் என்ற நிலைக்கு எழுபது வயதுப் பெண்மணியைத் தள்ளிவிடக்கூடிய பேச்சு அது.

அடுத்து அவர் தயாரித்த கடிதம். மருத்துவர் கொடுத்த கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, "பேரக்குழந்தையைக் கவனித்துக்கொள்ள இவர் தேவைப்படுகிறார்" என்று எழுதியிருந்தார். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, வெற்றுத் தாள்கள் இரண்டையும் சேர்த்து நீட்டினார். அம்மா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. "படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி" என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவர், "நான் என்ன ஆயா வேலைக்கா வந்திருக்கிறேன்?" என்று கேட்டார். கேட்டது நியாயம் மட்டுமல்ல, சட்டப்படியும் சரியான கேள்வி. பார்வையாளர் விசாவில் வேலை செய்யக் கூடாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளவே தங்குகிறார் என்று எழுத்தில் கொடுத்தால், அதிகாரி அதை வேலையாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. உண்மையான காரணம் எலும்பு முறிவாக எக்ஸ்ரேயோடு கையில் இருக்கும்போது, இந்தக் கதை எதற்கு? கடிதத்தை மாற்றி எழுதுவதாகச் சொன்னார். வெற்றுத் தாள்களை அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு ரசீது எண் வந்தது. மூன்று எழுத்து, பத்து இலக்கம், பார்க்கக் கச்சிதமாகத்தான் இருந்தது. யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் விண்ணப்ப நிலையைப் பார்க்கும் பக்கத்தில் போட்டால், எந்தப் படிவம் வந்து சேர்ந்தது என்பதையும் அதிலேயே சொல்லும். எங்களுக்கு வந்தது ஐ-765. வேலை அனுமதிக்கான படிவம்! யாரோ முகம் தெரியாத ஒருவரின் எண்ணை எடுத்து எங்களுக்கு அனுப்பியிருக்கிறார். போன் செய்து கேட்டால், "சிஸ்டத்தில் இன்னும் மாறவில்லை சார்" என்றார். படிவத்தின் எண் தானாக மாறுகிற அதிசயம் எந்த சிஸ்டத்திலும் நடக்காது. விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கு யு.எஸ்.சி.ஐ.எஸ். தரும் ஐ-797சி ரசீதை அனுப்புங்கள் என்றேன். பெயர் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டு ஒரு படம் வந்தது. அதன் பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பிப்ரவரி முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. அன்று இரவே அம்மாவின் மின்னஞ்சலில் யு.எஸ்.சி.ஐ.எஸ். கணக்கு தொடங்கி நாங்களே விண்ணப்பித்தோம். பாஸ்போர்ட் பக்கம், ஐ-94, மருத்துவர் கடிதம், ஏப்ரலுக்கு மாற்றிய திரும்பும் டிக்கெட், செலவை ஏற்கிறேன் என்பதற்கு என் வங்கிக் கணக்கு விவரம், ஊரில் வீடும் ஓய்வூதியமும் இருப்பதற்கான சான்று, ஏன் தங்க வேண்டும் என்று அம்மாவே எழுதிய ஒரு பக்கக் கடிதம். 420 டாலர் கட்டியதும் ரசீது எண் அந்தக் கணக்கிலேயே வந்துவிட்டது. நிலையைப் பார்த்தால் ஐ-539 என்று காட்டியது.

காலக்கெடுவுக்குள் முறையாக விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை தங்குவதைச் சட்டவிரோதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அம்மா ஏப்ரலில் கிளம்பும்வரை முடிவு வரவில்லை. இது பலருக்கும் நடப்பதுதான். அடுத்த முறை வரும்போது விமான நிலையத்தில் கேட்டால் காட்டுவதற்காக, ரசீது, விண்ணப்பத்தின் நகல், போர்டிங் பாஸ் மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

மத்திய வர்த்தக ஆணையத்திலும் மாநில நுகர்வோர் விவகாரத் துறையிலும் புகார் கொடுத்திருக்கிறேன். வழக்கறிஞரோ நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ அல்லாதவர் பணம் வாங்கிக்கொண்டு குடியேற்றச் சட்ட ஆலோசனை சொல்வது இங்கே குற்றம். பணம் திரும்பவில்லை. கடை திறந்துதான் இருக்கிறது. வரி தாக்கல் செய்து தருவதாக இப்போது கூடுதலாக ஒரு பலகை வேறு.

இப்படி யாரிடமாவது ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், விண்ணப்பம் எந்த மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கிலிருந்து போனது என்று முதலில் கேளுங்கள். அவருடைய மின்னஞ்சல் என்றால் அரசின் அறிவிப்புகள் அவருக்குத்தான் போகும், உங்களுக்கு அல்ல. ரசீது எண்ணை வாங்கி நீங்களே தளத்தில் போட்டுப் பாருங்கள். ஐ-539 என்று வராவிட்டால், ஐ-94 தேதி தாண்டுவதற்குள் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.