லைவில் பார்த்த காட்டேஜுக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன்

கொடைக்கானல் காட்டேஜைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று யூடியூபில் ஓடும் லைவ் எல்லாமே நேரலையாக இருக்காது. எப்போதோ யாரோ எடுத்த வீடியோவை ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றி, திரும்பத் திரும்ப ஓடவிட்டாலும் மூலையில் 'லைவ்' முத்திரை வந்துவிடும். ஒளிபரப்பு இப்போது நடக்கிறது என்பதைத்தான் அந்த முத்திரை சொல்கிறது. படம் எப்போது எடுத்தது என்று அது சொல்லாது. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

கமெண்ட்டைக் கொஞ்ச நேரம் விடாமல் படியுங்கள். "போன வாரம் தங்கினோம், செம" என்ற அதே வரி வேறு பெயரில் மறுபடி வரும். "பாத்ரூமைக் காட்டுங்க" என்று கேட்டவரின் கமெண்ட் காணாமல் போகும்; மறைத்துவிட்டார்கள் என்பது அவருக்கே தெரியாது. மேலே பின் செய்த வாட்ஸ்அப் எண்ணும், "இன்னும் 2 ரூம்தான்" என்ற அவசரமும் மட்டும் அப்படியே நிற்கும்.

லைவ் நடத்துபவர் உங்கள் பெயரைச் சொல்லி, கேமராவை அணைக்காமல் அறையிலிருந்து வாசல் பெயர்ப்பலகை வரை நடந்து காட்டும்படி கமெண்ட்டில் கேளுங்கள். யூடியூபில் படம் அரை நிமிடம்கூடத் தாமதமாக வரலாம், அதனால் ஒரு நிமிடம் பொறுங்கள். வெளிச்சத்தையும் பாருங்கள். கொடைக்கானலில் கோடையிலும் 7 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். இரவு 7.30 மணி லைவில் ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்தால் அது பழைய படம்.

முதலில் 1,000 ரூபாய் டோக்கன் கேட்பார்கள். அனுப்பியதும், "ஜிஎஸ்டியோட ஒரே தொகையா வரணும் சார், 3,500 போடுங்க, முதல்ல போட்டது தானா திரும்பிடும்" என்பார்கள். திரும்பாது. விடாமல் கேட்டால், பணத்தைத் திருப்பித் தர என்று ஒரு க்யூஆர் கோடு வரும். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்கிறது என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது. அனுப்பும் முன் திரையில் வரும் கணக்குப் பெயர் விடுதியின் பெயரோ உரிமையாளர் பெயரோ இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

இ-பாஸுக்கு என்று தனியாகக் காசு கேட்பதும் மோசடிதான். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். அரசு தளத்தில் அது இலவசம்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன்தான் அதை முடக்க முடியும். 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்திருங்கள். லைவின் இணைப்பையும் திரைப்பதிவையும் முதலிலேயே சேமித்துவிடுங்கள், புகார் என்று தெரிந்ததும் வீடியோவை அழித்துவிடுவார்கள்.