அட்டையில் இருக்கும் அந்த எண்: லேங்குவேஜ் ஆர்ட்ஸ் தொகுப்புடன் இரண்டு வருடம்

பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் நடத்தும் நாங்கள் பயன்படுத்தும் ஹோம்ஸ்கூல் லேங்குவேஜ் ஆர்ட்ஸ் (ஆங்கில மொழிப்பாடம்) தொகுப்புக்கு இந்த மாதம் விலை குறைத்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்த கையோடு டெக்சஸ் மாநிலத்தின் பிளேனோவிலிருந்து தோழி ஒருத்தி கேட்டாள்: “அக்கா, என் பெண் புத்தகமாகப் படித்துத் தள்ளுகிறாள். இலக்கணம் மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. நான்காவது லெவல் வாங்கட்டுமா, மூன்றாவதா?” ஒரு வரியில் பதில் சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறந்ததும் இரண்டு வருட எரிச்சல் மொத்தமும் கொட்டிவிட்டது. பாவம், அவள் கேட்டது ஒரு எண்ணைத்தான்.

நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கட்டுரை எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் கட்டித் தரும் தொகுப்பு எதை வாங்கினாலும் இந்தத் தலைவலி கூடவே வரும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண் போட்டு விற்கிறார்கள். பிள்ளைகள் அப்படி ஒரே எண்ணாக வளர்வதில்லை.

என் மகன் நான்காம் வகுப்பின் பாதியில் பள்ளியிலிருந்து வீட்டுப் படிப்புக்கு மாறியவன். ஏன் என்பது வேறு கதை. தன்னைவிட மூத்த பிள்ளைகள் தூக்கிக்கொண்டு திரியும் தடித்த நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்துவந்து இரவோடு இரவாக முடித்துவிடுவான். படித்ததைப் பற்றி ஒரு பத்தி எழுது என்றால், மேலே தொடங்கும் வாக்கியம் பக்கத்தின் அடியில் போய்த்தான் மூச்சு விடும். முற்றுப்புள்ளி அவனுக்கு விருப்பப் பாடம். ‘குட் ஹாவ்’ (could have) வர வேண்டிய இடத்தில் காதில் விழுந்தபடி ‘குட் ஆஃப்’ (could of) என்று எழுதுவான். ‘இட்ஸ்’ (its, it’s) என்பதில் அப்பாஸ்ட்ரஃபி வருமா, வராதா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

லெவலைக் கண்டுபிடிக்க அந்த நிறுவனம் இலவசமாக ஒரு தேர்வு தருகிறது. முதலில் சொற்களைப் படிக்கச் சொல்கிறார்கள். அதில் ஆறாவது லெவல் வரை தடங்கலில்லாமல் போய்விட்டான். அடுத்தது இலக்கணம். இரண்டாவது லெவலிலேயே நின்றுவிட்டான். இப்போது என்ன செய்வது? இரண்டும் ஒத்துவராவிட்டால் குறைந்த லெவலில் தொடங்குங்கள் என்கிறது தேர்வுத்தாளின் கடைசிப் பக்கம். வாசிப்புத் திறனை வைத்தே லெவலை முடிவு செய்யுங்கள் என்கிறது அவர்களுடைய இணையதளம். இரண்டையும் எடுத்துப் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். மிகுந்த அன்போடு பதில் வந்தது: “உங்கள் குழந்தையை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? உங்கள் உள்ளுணர்வை நம்புங்கள்.”

ஜவுளிக்கடையில் சட்டைக்கு அளவு கேட்டால், ‘பிள்ளையைப் பெற்றவர் நீங்கள்தானே’ என்று கடைக்காரர் சிரித்தால் எப்படி இருக்கும்? என் உள்ளுணர்வுக்கு ஆங்கில இலக்கணப் பாடத்திட்டம் போடத் தெரிந்திருந்தால் உங்களுக்கு எதற்குப் பணம் கட்டுகிறேன்? ஹோம்ஸ்கூல் உலகத்தில் இந்த வாசகம் எங்கே போனாலும் காதில் விழும். கேட்டதற்குப் பதில் இல்லாதபோது கூச்சமில்லாமல் எடுத்து நீட்டுகிறார்கள். இரண்டு வருடம் கழிந்தும் அந்த மின்னஞ்சலை நினைத்தால் எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது.

இலக்கணத்தைப் பார்த்து மூன்றாவது லெவல் வாங்கினோம். பெட்டியைத் திறந்தால் அட்டையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ‘3’ என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே முதல் கதை, கூடைக்குள் ஒளிந்துகொண்ட ஒரு பூனைக்குட்டியைப் பற்றியது. அவன் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவைத்து, “இது குட்டிப் பிள்ளைகளுக்கு” என்றான். அட்டைக்கு நான் வைத்தியம் பார்த்துவிட்டேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நம் ஊரில் செய்வதுபோல் பழுப்புத்தாள் போட்டு, லேபிள் ஒட்டி, அவன் பெயரை எழுதினேன். அது ஏதோ ரகசியக் கோப்பு மாதிரி இருக்கிறது என்று அவனுக்கு ஒரே பெருமை. பூனைக்குட்டியை என்ன செய்வது? கதையைத் தாண்டி இலக்கணத்துக்குப் போகலாம் என்றால், பயிற்சி வாக்கியங்களை அந்தக் கதையிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். வாசிப்பைக் கழற்றினால் இலக்கணமும் சேர்ந்து கழன்று வருகிறது. ‘எல்லாம் ஒருங்கிணைந்தது’ என்று அட்டையின் பின்புறம் பெருமையாகப் போட்டிருக்கிறார்களே, அது இதுதான்.

இவ்வளவு திட்டிய பிறகு, இந்தத் தொகுப்பில் என்னைக் கட்டிப்போட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். வாக்கியத்தைப் படமாக வரையும் பயிற்சி. அலோன்ஸோ ரீட், பிரெய்னார்ட் கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் 1877இல் வெளியிட்ட பாடநூலில் பரப்பிய முறை. நான் தமிழ்நாட்டில் படித்த பள்ளியில் இப்படி ஒன்று இருப்பதாகவே யாரும் சொன்னதில்லை.

ஒரு படுக்கைக்கோடு. அதை ஊடறுத்து மேலிருந்து கீழாக ஒரு செங்குத்துக்கோடு. இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. வினைக்கு அடுத்து செயப்படுபொருள் வந்தால் அதற்கும் ஒரு செங்குத்துக்கோடு உண்டு. ஆனால் அது படுக்கைக்கோட்டின் மேலேயே நின்றுவிடும், கீழே இறங்காது. ‘ஓல்ட்’, ‘தி’ போன்றவை தாங்கள் சார்ந்திருக்கும் சொல்லுக்குக் கீழே சாய்ந்த கோடுகளில் தொங்கும். நாய் தபால்காரரைத் துரத்தியது என்பதை வரைந்து முடித்தால், துரத்துவது யார், துரத்தப்படுவது யார் என்று கண்ணிலேயே தெரிகிறது. ‘பெயர்ச்சொல் என்றால் என்ன?’ என்று கேட்டால் கொட்டாவி விடுகிறவன், இதற்கு அளவுகோல் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

ஒரு நாள் தன் கட்டுரையில் ‘பிகாஸ் தி ரோட் வாஸ் ஃப்ளடட்’ என்பதைத் தனி வாக்கியமாக எழுதி, அதிசயமாக முற்றுப்புள்ளியும் வைத்திருந்தான். தவறு என்று நான் சொல்லவில்லை, வரையச் சொன்னேன். சாலையும் வெள்ளமும் படுக்கைக்கோட்டில் ஒழுங்காக உட்கார்ந்தன. ‘பிகாஸ்’ புள்ளிக்கோட்டில் வர வேண்டும். அந்தப் புள்ளிக்கோடு மேலே ஏறி முதன்மை வாக்கியத்தின் வினையைத் தொட வேண்டும். வெற்றுத்தாளில் பாதி வரை ஏறிவிட்டுப் பென்சில் நின்றது. “மேலே ஒன்றுமே இல்லையே!” என்றான். பிறகு அவனாகவே முந்தைய வாக்கியத்தைக் கொண்டுவந்து மேலே எழுதி, கோட்டை இழுத்து ஒட்டவைத்தான். சிவப்பு மையால் நான் எத்தனை முறை வட்டம் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

கட்டளை வாக்கியங்களில் எழுவாய் வெளியே தெரியாது. வரையும்போது ‘யூ’ என்பதை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அதைக் கற்ற வாரத்தில், “தமிழுக்கும் இது உண்டா?” என்று கேட்டான். தோன்றா எழுவாய் என்று எட்டாம் வகுப்பில் உருப்போட்டது எனக்கு எங்கிருந்தோ நினைவுக்கு வந்தது. ‘நாளைக்கு வருகிறேன்’ என்று எழுதி, ‘நான்’ என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டினேன். அன்று மாலை முழுவதும் வீட்டில் யார் என்ன பேசினாலும் எழுவாய் எங்கே என்று துருவிக்கொண்டிருந்தான். அவன் அப்பா வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

‘இலக்கணத்தில் பின்தங்கிய பிள்ளை’ என்ற பேச்சுக்கு வருகிறேன். யாரோடு ஒப்பிட்டுப் பின்தங்கியது? அமெரிக்கப் பள்ளிகளில் இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்துவது பற்றி நீண்ட காலமாகவே சண்டை உண்டு. ஆங்கில ஆசிரியர்களின் தேசியக் கவுன்சில் 1963இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, முறையான இலக்கணப் பாடம் எழுதும் திறனுக்குப் பெரிதாக உதவுவதில்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம் என்றது. எழுத்தோடு சேராத தனித்த இலக்கணப் பயிற்சிகளுக்கு எதிராக அதே அமைப்பு 1985இல் தீர்மானமே போட்டது. அதனால் பல பொதுப்பள்ளிகளில் இலக்கணம் கட்டுரைப் பாடத்துக்குள் கரைந்து வருகிறது. ஹோம்ஸ்கூல் பதிப்பகங்கள் பல பழைய வழியை விடவில்லை. முதல் வகுப்பிலேயே பெயர்ச்சொல்லைத் தொடங்கிவிடுகிறார்கள். பொதுப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளையை இவர்களுடைய அளவுகோலில் நிறுத்தினால் குள்ளமாகத்தான் தெரியும். அதைப் பார்த்துத் தாய்மார்கள் கண்ணைக் கசக்குவது வீண்.

அதற்காகப் பழைய வழிக்கு நான் கொடி பிடிப்பதாக நினைக்க வேண்டாம். ‘இலக்கணக் குறிப்பு வரைக’ என்றால் மளமளவென்று எழுதியவள் நான். ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்றி முழு மதிப்பெண் வாங்கினேன். ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு பத்தி எழுதியது கல்லூரிக்குப் போன பிறகுதான்.

டெக்சஸில் இலக்கணத்தைக் கைகழுவிவிடவும் முடியாது. வீட்டில் படிப்பிப்பது சட்டப்படி செல்லும் என்ற 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் உறுதிசெய்தது. அதன்படி நடத்தியாக வேண்டிய பாடங்கள் ஐந்து: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப் பண்பு. அறிவியல்கூட அந்தப் பட்டியலில் இல்லை, இலக்கணம் இருக்கிறது! ஆனால் எந்த லெவலில் நடத்துகிறீர்கள் என்று மாநிலத்திலிருந்து யாரும் வந்து கேட்பதில்லை. பொதுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள மாநிலத் தேர்வும் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடையாது. இந்த எண்ணுக்காக ராத்தூக்கம் கெடுவது பெற்றவர்களுக்கு மட்டும்தான்.

எந்த லெவல் என்று கேட்ட தோழியிடம் முதலில் சொன்னது இது. அந்த நிறுவனத்தின் தேர்வை ஓரமாக வை. உன் பெண் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைச் சொல்லி எழுதச் சொல். இங்கே ஹோம்ஸ்கூல்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரும் இந்தப் பயிற்சியைத்தான் வலியுறுத்தினார். நமக்கு இது பள்ளியில் பார்த்த சொல்வதெழுதுதல்தான். பிறகு அதே விஷயத்தை அவள் சொந்த வார்த்தைகளில் ஒரு பத்தி எழுதட்டும். வாக்கியம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது சரியாக இருந்து, ‘அட்வெர்ப் என்றால் என்ன?’ என்பதற்கு மட்டும் விழிக்கிறாளா? அவளுக்குத் தெரியாதது பெயர்கள் மட்டும்தான். வாசிப்புக்கு ஏற்ற லெவலையே வாங்கிவிடு. இந்தத் தொகுப்பில் ஒவ்வொரு லெவலும் பெயர்ச்சொல்லிலிருந்து மறுபடி தொடங்குகிறது. முதல் சில வாரங்களை நிதானமாக நடத்தினால் பிடித்துக்கொள்வாள். வாக்கியமே உருவாகவில்லை என்றால் கீழே இறங்கத்தான் வேண்டும். அப்போது பூனைக்குட்டியையும் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சில்லறை விஷயங்கள். ஒரு பாடம் இருபது நிமிடத்துக்குள் முடிகிறது, நல்லது. பயிற்சிகளில் பைபிளின் நோவாவும் யோனாவும் அடிக்கடி வருவார்கள். இந்தத் துறையில் பல பதிப்பகங்கள் கிறித்தவப் பின்னணி கொண்டவை; எங்களுக்கு ஆட்சேபமில்லை, வேண்டாதவர்கள் மாதிரிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு வாங்கவும். எழுத்துக்கூட்டல் பகுதி சுமார். ஆனால் நடுவில் பதிப்பை மாற்றினார்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பழைய ஆசிரியர் கையேட்டில் இருக்கும் பக்க எண்கள் புதிய மாணவர் புத்தகத்தோடு சேருவதில்லை. தம்பி, தங்கைக்கு எடுத்துவைக்கலாம் என்று நினைத்தவர்கள் மறுபடி முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டும். அதை மட்டும் வாயே திறக்காமல் செய்கிறார்கள்.

வாக்கியப் படங்களுக்குப் பத்துக்குப் பத்து போடுவேன். என் மகனின் பத்திகளில் இப்போது முற்றுப்புள்ளி இருக்கிறது. அப்பாஸ்ட்ரஃபி இன்னும் அவன் இஷ்டப்படிதான். அப்படியும் தோழியிடம், லெவலைச் சொன்ன பிறகு, முடிவாக வாங்காதே என்றே சொன்னேன். அவள் பெண்ணுக்கு வாசிப்புப் பாடம் தேவையே இல்லை, நூலக அட்டை போதும். வாக்கியம் வரையக் கற்றுத்தரும் இலக்கணப் புத்தகம் தனியாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஒரு பகுதிக்காக நான்கு பகுதிக்குப் பணம் கட்டி, கடைசியில் உள்ளுணர்வை நம்பு என்று கேட்டுக்கொள்வானேன்?

நான் ஐந்தாவது லெவலை இந்தத் தள்ளுபடியில் வாங்கிவிட்டேன். எழுவாய்க்குள் ஒரு முழு வாக்கியமே வந்து உட்காரும் படங்கள் அதில்தான் தொடங்குகின்றனவாம், மாதிரிப் பக்கத்தில் பார்த்துவிட்டு அவன் ஒற்றைக்காலில் நின்றான். எனக்கு மட்டும் ஏன் வாங்காதே என்கிறீர்கள் என்று தோழி கேட்டாள். அவளுக்கு மூன்றாவது லெவலின் பழைய ஆசிரியர் கையேட்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மாணவர் புத்தகத்தை அவள்தான் தேடிப் பிடிக்க வேண்டும், அதுவும் பழைய பதிப்பாகப் பார்த்து.