ஸ்கோர்கார்டை நீண்ட காலம் பாவித்த அனுபவம்: எங்கே உதவியது, எங்கே உதவவில்லை

திருகோணமலையில் சூரிய உலர்த்தியில் கருவாடு போடும் சிறிய நிறுவனம் எங்களுடையது. கணக்கும் திட்டமிடலும் என் பொறுப்பு. சில வருடங்களாக பேலன்ஸ்ட் ஸ்கோர்கார்ட் பாவிக்கிறோம். ஒரு நிறுவனத்தின் வேலையை இலக்கு எண் வைத்து அளக்க 1992இல் கப்லனும் நோர்ட்டனும் முன்வைத்த முறை அது. நிதி, வாடிக்கையாளர், உள்வேலை, கற்றலும் வளர்ச்சியும் என்று நான்கு பக்கமும் பார்க்கச் சொல்கிறது.

பொதி கட்டும் பகுதிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. எடை குறைவு, திரும்பி வரும் பொதி, பிந்திப்போகும் ஓடர் எல்லாம் கண்முன்னே குறைந்தன. அங்கே இதை விடச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

சிக்கல் பரிசோதனை வேலையில்தான். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் இங்கே வெயிலை நம்ப முடியாது, காற்றிலும் ஈரம். மாரியிலும் உலர்த்த வழி பார்க்கும் வேலையை ஒரு தம்பியிடம் கொடுத்திருந்தோம். கட்டா மீனைத் தடிப்பாக வெட்டி எடுத்த எடுப்பிலேயே சூட்டைக் கூட்டினால் மேற்பக்கம் விறைத்து, ஈரம் உள்ளே அடைபட்டுவிடும். பார்வைக்கு நல்ல கருவாடு. பிளந்தால் நடுவில் பிசுபிசுப்பு, சில நாளில் பூஞ்சணம். முதலில் குறைந்த சூட்டில் காற்றை ஓடவிட்டு, பிறகு மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும் என்று அவர் பிடித்துக்கொள்வதற்குள் காலாண்டு முடிந்துவிட்டது. அந்தக் காலாண்டின் ஸ்கோர்கார்ட் தாளில் அவர் பெயருக்கு நேரே விற்பனை இல்லை, கழிவு அதிகம், எல்லாம் சிவப்பு. அதே தாளில், லேபலின் நிறத்தை மாற்றியவர்களுக்கு ‘புதிய முயற்சி’ என்ற கட்டத்தில் பச்சை. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் அந்த ஒட்டியும் ஒட்டாத பசையைச் செய்தது 1968இல். அது போஸ்ட்-இட் என்ற ஒட்டுக் குறிப்புத் தாளாக அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980இல். நடுவில் வந்த எந்தக் காலாண்டுத் தாள் அதற்குப் பச்சை போட்டிருக்கும்? தெரிந்த வேலையை எவ்வளவு சரியாகச் செய்கிறோம் என்று அளக்க ஸ்கோர்கார்ட் போதும். விடை தெரியாத வேலைக்கு இலக்கு எண்ணை முன்கூட்டியே எழுதச் சொன்னால், ஆட்கள் சுலபமாக எட்டக்கூடியதைத்தான் எழுதுவார்கள். அவர்களில் பிழை இல்லை.

இப்போது பரிசோதனை வேலைக்குப் புள்ளி போடுவதில்லை. தனிக் கொப்பி ஒன்று இருக்கிறது: எதை அறியப் பார்த்தோம், என்ன தெரிந்தது, அடுத்த மாரிக்கு எதை மாற்றுவோம், அதற்கு எவ்வளவு காசு வரை போகலாம். காசு எல்லையை மட்டும் கறாராக வைத்திருக்கிறோம். கடன் தரும் இடத்தில் இன்னும் எண்தான் கேட்கிறார்கள். சரி, எண்ணையும் கொடுக்கிறேன், கொப்பியின் பிரதியையும் சேர்த்தே அனுப்புகிறேன்.