பால்கனியில் நாலு டயர்: பெங்களூரு மண்ணில் ஆறு வருட எம்டிபி (மவுன்டன் பைக்) அனுபவம்

எங்கள் வீட்டு பால்கனிச் சுவரில் ஆணியடித்து நாலு சைக்கிள் டயர்களை மாட்டி வைத்திருக்கிறேன். துணி காயப்போட வரும்போதெல்லாம் மனைவி அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். "ஏங்க, பழைய பேப்பர்காரர்கூட இதை வேணாங்கிறார். ஊஞ்சலாவது கட்டிக் குடுங்க, புள்ளைங்க ஆடட்டும்." தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. எது எங்கே தேய்ந்திருக்கிறது, எது எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தாலே அடுத்த டயரை எப்படி வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் என் கணக்கு. வீடு எலஹங்கா நியூ டவுன். எடை 76 கிலோ. 29 இஞ்ச் ஹார்ட்டெயில் சைக்கிள், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். வாரம் இரண்டு காலை அவலஹள்ளிக் காடு, மாதம் ஒரு தடவை நண்பனின் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு துரஹள்ளி, மழைக்காலத்தில் ஹெசரகட்டா பக்கம். பந்தயம் எதற்கும் போனதில்லை. இந்த எடையும் இந்த மண்ணும் உங்களுக்கு ஒத்துவந்தால் மட்டும் கீழே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆணியில் தொங்குவது சைக்கிளோடு வந்த டயர். 2.1 இஞ்ச் அகலம், கம்பி விளிம்பு, கட்டை மாதிரி ரப்பர். அதன் பட்டன்கள், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் முடிச்சுகள், இன்னும் பாதிக்கு மேல் இருக்கின்றன, ஏனென்றால் அது பிடித்ததைவிட வழுக்கியதுதான் அதிகம். ஆனால் முழுப் பழியையும் டயர் மேல் போட முடியாது. எங்கள் தெருமுனை பஞ்சர் கடை அண்ணன் வாணியம்பாடிக்காரர். அவர் கணக்கில் சைக்கிள் காற்று என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார், கொஞ்சம் அமுங்கினாலும் இன்னும் நாலு குத்து. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பிஎஸ்ஐ எண், அதாவது காற்றழுத்த அளவு, அதற்கு மேல் அடிக்கக்கூடாது என்கிற எல்லை மட்டுமே. அதுதான் அடிக்க வேண்டிய அளவு என்று நானும் நம்பினேன், அவரும் நம்பினார்.

பிப்ரவரி மாதம் ஒரு காலை, அவலஹள்ளியில் தைலமரங்களுக்கு நடுவே ஒரு சாதாரண வளைவு. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கையில் இருந்த செம்மண் ஒரு வாரம் போகவில்லை.

பெங்களூரில் டிசம்பரிலிருந்து மார்ச் கடைசி வரை தரை எப்படி இருக்கும் என்றால், காய்ந்து இறுகிய செம்மண் மேல் கேழ்வரகு மாவு தூவின மாதிரி ஒரு மெல்லிய பொடிக்கல் படலம். கீழே கெட்டி, மேலே உதிரி. அந்தப் பொடிக்கல் டயருக்கும் தரைக்கும் நடுவில் பேரிங் குண்டு போல உருளும். டயர் கல் மாதிரி இருந்தால் நாலைந்து பட்டன் மட்டும் தரையைத் தொடும், அவையும் குண்டின் மேல் நிற்கும். காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகப் படிந்து இன்னும் பல பட்டன்கள் இறங்கும், பொடியை ஒதுக்கிவிட்டு கெட்டித் தரையைப் பிடிக்கும். சின்னக் கல், வேர் எல்லாவற்றையும் டயரே விழுங்கிவிடுவதால் சைக்கிள் துள்ளுவதும் குறையும். மேடுபள்ளத்தில் காற்று குறைந்த டயர் மெதுவாகப் போகும் என்பது தவறு. தார் ரோட்டில் வேண்டுமானால் அப்படித் தோன்றும்.

விழுந்த மறுவாரம் அதே டயரில் முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ வைத்து அதே வளைவில் போனேன். காசு செலவில்லாமல் புது டயர் போட்ட மாதிரி இருந்தது. அதனால் யாராவது என்னிடம் "எந்த டயர் வாங்கலாம்" என்று கேட்டால், முதலில் ஒரு நல்ல காற்றழுத்த மானி வாங்கச் சொல்வேன். கால் பம்பில் இருக்கும் முள் இந்தக் குறைந்த அழுத்தத்தில் நம்பும்படியாக இருப்பதில்லை.

இரண்டாவது ஆணி என் அறிவுக்கு வைத்த நினைவுச் சின்னம். ஐரோப்பாவில் ஈரக் காட்டில் பாய்ந்து இறங்கும் வீடியோக்களை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு, சேற்று டயர் ஒன்றை வரவழைத்தேன். விலையைச் சொல்ல மாட்டேன்; என் அப்பா ஊரில் இருபது வருடம் ஓட்டிய சைக்கிளின் விலை அதைவிடக் குறைவு. உயரமான, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் கூர்ப் பட்டன்கள். இந்த அமைப்பு ஆழமான, இளகிய மண்ணுக்கானது. பட்டன் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும், நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகச் சேறு தெறித்து வெளியே போகும். நம்ம ஊர் கெட்டித் தரையில் இறங்க இடமில்லை. உயரப் பட்டன் வளைவில் மடங்கும். நண்பனின் வார்த்தையில், "மச்சான், ஹை ஹீல்ஸ் போட்டுக்கிட்டு பாறையில நடக்கிற மாதிரி இருக்குடா." தொட்டபள்ளாப்பூர் ரோட்டில் போய் வரும் தூரமே அதற்கு எமனானது. அந்த மென்மையான ரப்பரைத் தார் ரோடு உப்புத்தாள் மாதிரி தேய்த்து, ஆறே மாதத்தில் நடுவரிசை மொட்டை.

அப்போ மழைக்காலத்துக்கு என்ன செய்வது? கனமழை பெய்யும்போது எந்த டயர் போட்டாலும் இந்தச் செம்மண் மாவு பிசைந்த மாதிரி சுற்றிக்கொள்ளும். ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே சிக்கிச் சக்கரமே நின்றுவிடும். அன்றைக்கு வீட்டில் பஜ்ஜி சாப்பிடுவது நல்லது. ஈரத்தில் ஓட்டினால் பாதையில் தடம் பள்ளமாகி, காய்ந்த பிறகு அதே வடிவத்தில் இறுகி எல்லோரையும் கீழே தள்ளும். தண்ணீர் வடிந்த மறுநாள் காலை போங்கள். புழுதி படிந்து, மண் லேசான ஈரத்தில் டயரைக் கவ்விப் பிடிக்கும். வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் கிடைக்கும் சொர்க்கம் அது. அன்றைக்கு எந்த டயரும் நல்ல டயர்தான் என்பதால், புது டயரை அன்றைக்கு ஓட்டிப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். டயரை எடைபோட மார்ச் மாதம் வேண்டும்.

ஹெசரகட்டாவில் கதை கொஞ்சம் வேறு. 1894-ல் அர்க்காவதி ஆற்றில் கட்டிய அந்த ஏரியின் ஓரம், தண்ணீர் வற்றும் இடங்களில் வண்டல் மண். மேலே காய்ந்த மாதிரி தெரியும், மிதித்தால் உள்ளே சொதசொத என்று இருக்கும். அங்கே அகலமான டயர் மிதக்கும், ஒல்லி டயர் வெட்டிக்கொண்டு இறங்கும். அதற்காகத் தனி டயர் வாங்குகிற அளவுக்கு நான் அங்கே போவதில்லை.

மூன்றாவது டயரில் பக்கவாட்டில் மூன்று சென்டிமீட்டர் கிழிசல். துரஹள்ளி. பெங்களூரின் தெற்கே கனகபுரா ரோட்டை ஒட்டிய காப்புக்காடு. உள்ளே போகும் நேரத்தையும் அனுமதியையும் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கே மண்ணைவிடப் பாறைதான் கண்ணில் படும். லால்பாக்கில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஏற வைப்போமே, 300 கோடி ஆண்டுப் பாறை, கிட்டத்தட்ட அந்த வகையறா. காய்ந்த பாறை பிடிப்புக்கு அருமையானது, உப்புத்தாள் மாதிரி. ஆனால் அதன் உடைந்த விளிம்பு கத்தி.

நான் எடை குறைவு என்கிற ஒரே காரணத்துக்காக மெல்லிய பக்கச்சுவர் கொண்ட டயரை வாங்கியிருந்தேன். டயருக்குள் இருக்கும் நூலிழையை ஒரு இஞ்சுக்கு எத்தனை என்று எண்ணிச் சொல்வார்கள். 120 என்றால் இழை மெல்லியது, டயர் எடை குறைவாக, நெகிழ்வாக இருக்கும். 60 என்றால் இழை தடித்தது, முரடு, ஆனால் வெட்டைத் தாங்கும். 120 இழையிலும் பக்கச்சுவருக்குத் தனிக் கவசத் துணி வைத்து விற்கிறார்கள், மேக்ஸிஸ் கம்பெனி டயரில் அதற்கு எக்ஸோ என்று பெயர். பாறை உள்ள இடத்துக்குப் போகிறவர் ஐம்பது, நூறு கிராம் கூடினாலும் அந்தக் கவசம் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். என் டயரில் அது இல்லை. கிழிந்த இடத்தில் உள்பக்கமாக ஒரு பத்து ரூபாய் நோட்டை நாலாக மடித்து வைத்து, டியூப் போட்டு, பயந்து பயந்து கார் வரை உருட்டிக்கொண்டு வந்தேன். நோட்டு கிழியாமல் திரும்பக் கிடைத்தது. அதையும் ஆணியில் மாட்டியிருப்பேன், பையன் மிட்டாய் வாங்கிவிட்டான்.

இந்த மூன்று டயரிலும் நடந்த இன்னொரு விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்: முள். அவலஹள்ளியிலும் ஹெசரகட்டாவிலும் வேலியோரக் கருவேல முள் எங்கும் கிடக்கிறது. டியூப் காலத்தில் மாதம் மூன்று பஞ்சர் சாதாரணம். பஞ்சர் கடை அண்ணன் என் தலையைப் பார்த்ததும் தண்ணீர் தொட்டியை இழுத்து வைப்பார். "தம்பி, நீ காட்டுக்குப் போறியா, இல்ல முள் பொறுக்கப் போறியா?"

டியூப்லெஸ்ஸுக்கு மாறியது அதற்காகத்தான். டியூப்லெஸ் ரெடி ரிம், டேப், வால்வு, உள்ளே ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் 100 மில்லி. முள் குத்தினால் பால் மாதிரி கசியும், சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றினால் அடைத்துக்கொள்ளும். முதல் தடவை மாட்டியதுதான் பெரிய கூத்து. வீட்டுக் கால் பம்பில் எவ்வளவு மிதித்தாலும் டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரவில்லை, அடித்த காற்றெல்லாம் அப்படியே வெளியே போனது. கடைசியில் அண்ணன் கடைக்குத் தூக்கிப் போனேன். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு ஒரு பித்தளை அடாப்டர், விளிம்பு முழுக்க சோப்புத் தண்ணீர், கம்ப்ரஸர் காற்று. 'டப்... டப்' என்று இரண்டு வெடிச் சத்தம். அண்ணன் பின்னால் குதித்தார். பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "டியூப் இல்லாம சைக்கிளா! என் பொழப்புல மண்ணு" என்று சிரித்தார்.

நாலாவது ஆணியில் இருப்பது அந்த டியூப்லெஸ் டயர்தான். கழற்றும்போது உள்பக்கம் தடவிப் பார்த்து எண்ணினேன்: 23 முள் முனை. அந்த டயர் ஓடிய ஒன்றேகால் வருடத்தில் வழியில் நின்றது ஒரே ஒரு தடவை. அதுவும் ஏப்ரல் வெயிலில் சீலன்ட் காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கிடந்ததைக் கவனிக்காத என் தவறு. இங்கே இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை ஊற்றிவிடுகிறேன். குலுக்கிப் பார்த்தால் உள்ளே சளசள என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் காலி.

டியூப் இல்லாததால் இன்னொரு லாபம். காற்று குறைவாக இருக்கும்போது கல்லில் மோதினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். அந்தப் பயம் போனதால் இப்போது முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ. துரஹள்ளிக்கு மட்டும் இரண்டு கூட்டிக்கொள்வேன், ரிம் பாவம்.

இப்போது ஓடுவது: முன்னால் ஷ்வால்பே நாபி நிக் 2.35, பின்னால் விட்டோரியா மெஸ்கால் 2.25. இரண்டும் வேறு வேறாக இருப்பது தெரிந்தே செய்தது. பின் டயர் வழுக்கினால் வால் ஆடும், சமாளித்துவிடலாம். முன் டயர் வழுக்கினால் புத்தூர் கட்டுதான். அதனால் பிடிப்புக்கான காசு முழுக்க முன்னால். நாபி நிக்கில் ஓரப் பட்டன்கள் தடித்து நிற்கின்றன, அந்தப் பிப்ரவரி வளைவில் சைக்கிளைச் சாய்க்கும்போது அவை இறங்கிப் பிடிப்பது கைப்பிடியில் தெரிகிறது. ஷ்வால்பேவில் ரப்பர் வகையை டயர் மேல் இருக்கும் கோட்டின் நிறத்திலேயே சொல்லிவிடுவார்கள். நீலம் வேகமும் பிடிப்பும் கலந்தது, ஆரஞ்சு இன்னும் மென்மை, சிவப்பு வேகத்துக்கு. நான் நீலம் எடுத்தேன். பின்னால் மெஸ்காலில் நடுப் பட்டன்கள் நெருக்கமாக, குட்டையாக இருப்பதால் தார் ரோட்டிலும் இழுவை குறைவு, தேய்வதும் நிதானம். 1,900 கிலோமீட்டர் ஓடியும் இன்னும் உயிர் இருக்கிறது.

வாங்கும்போது அளவைப் பார்ப்பதில் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். '29' என்று சொல்லிக் கேட்பதைவிட, டயரில் 57-622 மாதிரி இருக்கும் எண்ணைப் படியுங்கள். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது ரிம் விட்டம். 29-க்கு 622, 27.5-க்கு 584, 26-க்கு 559. உங்கள் பழைய டயரில் உள்ள இரண்டாவது எண்ணும் புதியதில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் போதும். அகலத்தைக் கூட்டுவதற்கு முன் ஃபிரேமில் விரல் நுழையும் இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், செம்மண்ணுக்கும் இடம் வேண்டும்.

ஒரு சைக்கிள், ஒரு ஜோடி டயர் என்று இருப்பவர் மாதத்துக்கு ஒன்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அவர் காய்ந்த தரைக்கே வாங்கட்டும். வருடத்தில் பெரும்பகுதி நம் ஊர் அப்படித்தான் இருக்கிறது. பழையதைத் தேய்த்து முடிக்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு: பின் டயர் மொட்டையானதும் முன் டயரைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு, புதியதை முன்னால் போடுவேன். கூர்மையான பட்டன் எப்போதும் முன்னால்.

நேற்று மெஸ்காலின் நடுப் பட்டனை அளந்தேன், இரண்டு மில்லிமீட்டர். ஜூன் மழைக்குள் மாற்றிவிட வேண்டும். ஐந்தாவது ஆணி வாங்கி வைத்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.