டிபன் கேரியருக்குள் பிளாஸ்டிக் பை: ஒரு பினாங்கு அனுபவம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பாத்திரக் கடையில் இந்த எவர்சில்வர் டிபன் கேரியரை வாங்கினேன். மூன்று அடுக்கு. கடைக்காரர் 45 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், 42-க்குக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டைக் கடையில் புங்குஸ், அதாவது பார்சல், வாங்கியே பழகிய ஆள் நான். மேசைக்கடியில் சேரும் பிளாஸ்டிக்கைப் பார்த்து எனக்கே வெறுத்துப்போய்த்தான் வாங்கினேன்.

முதலில் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல கனம். விளிம்பு கையை அறுக்கவில்லை. கொக்கி இறுக்கமாக விழுகிறது. மேல் மூடியைத் திருப்பிப் போட்டால் தட்டு ஆகிவிடும். மீன் குழம்பு வாங்கினாலும் கழுவியபின் வாடை தங்குவதில்லை. குறை என்றால், மூடியில் ரப்பர் வளையம் கிடையாது. நான் பெருநிலத்தில் உள்ள நிபோங் திபாலிலிருந்து, தீவுக்குப் போகும் இரண்டாவது பாலம் வழியாக வேலைக்கு வந்து போகிறவள். சாயங்காலம் வீட்டுக்கு வாங்கிப் போகும்போது வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் சீட்டில் குழம்பு. துணி சுற்றி நிமிர்த்தி வைத்தால் பரவாயில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். இதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நாசி கண்டார் கடைக்குப் போனேன்; சோற்றோடு விதவிதமான குழம்பும் கறியும் ஊற்றிக் கொடுக்கும் கடை. பெயர் வேண்டாம், மறுபடியும் அங்கேதான் சாப்பிட வேண்டும். கல்லாவில் இருந்த அண்ணன் கேரியரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "இதுதான் அக்கா வேணும்! எல்லாரும் இப்படி வந்தா நாடு உருப்பட்டுடும்" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் பையை உருவினார். வாயால் ஊதி விரித்தார். அதில் இரண்டு கரண்டி மீன் குழம்பு, ஒரு கரண்டி கோழிக் குழம்பு. பை உப்பலாக நிற்கும்படி கழுத்தைத் திருகி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றினார். அப்புறம் அதை அலுங்காமல் என் நடு அடுக்குக்குள் வைத்து மூடினார். "அப்படியே ஊத்தினா ஒழுகிடும் அக்கா." வெண்டைக்காய்க்கு ஒரு பை. அவித்த முட்டைக்கும் ஒரு பை. முட்டை எங்கே ஒழுகும் என்று கேட்க நினைத்தேன், பின்னால் வரிசை நீளமாக இருந்தது. பில்லில் புங்குஸ் கட்டணம் 30 காசு தனியாகப் போட்டிருந்தார்கள்.

ஒரு காலத்தில் காவடித் தண்டில் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் சுமந்து, துறைமுகத்துத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சாப்பாடுதான் இந்த நாசி கண்டார். அன்று ஒரு பை இல்லாமல்தான் நடந்தது.

இத்தனைக்கும் மலேசியாவில் பிளாஸ்டிக் பைக்கு முதலில் காசு வைத்த மாநிலம் எங்களுடையது. 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை கிடையாது என்றார்கள். சனம் உடனே திருந்திவிட்டது: ஞாயிற்றுக்கிழமையே சாமான் வாங்கி முடித்தது. 2011-இல் எல்லா நாளும் பைக்கு 20 காசு என்று ஆக்கினார்கள். எங்கள் வீட்டில் அந்த ஓசிப் பையில்தான் குப்பை கட்டுவோம். அது நின்றதும் கறுப்புக் குப்பைப் பையை ரோல் ரோலாகக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தோம். தெருவில் மற்ற வீடுகளிலும் இதே கதைதான்.

துணிப் பைக்கும் குறைவில்லை. தீபாவளி விருந்து, வங்கி, கட்சிக் கூட்டம் என்று எங்கே போனாலும் ஒன்று கொடுக்கிறார்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப் பை நிறையத் துணிப் பைகள் தொங்குகின்றன. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018-இல் கணக்குப் போட்டிருக்கிறது. எல்லாப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பருத்திப் பையை 7,100 தடவை பயன்படுத்தினால்தான் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகுமாம். பருவநிலை மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 52 தடவை போதும். என் வீட்டுக்காரர் முதல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். பசாருக்கு (சந்தைக்கு) பை எடுத்துப் போங்கள் என்றால் போதும், "ஏழாயிரத்து நூறு" என்று ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு இதில் கொஞ்சம் சொந்தக் கோபமும் உண்டு. பினாங்குத் தீவின் குப்பையும் பெருநிலத்தின் குப்பையும் எங்கள் ஊர்ப் பக்கம் பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்குக்குத்தான் வருகின்றன. 2022 ஜனவரியில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மாமா முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அரசாங்கத்தைக் காய்ச்சி எடுத்தார். அந்த வாரமே ஒரு நாள் சாயங்காலம், அதே முகக்கவசத்தோடு, கொல்லையில் காய்ந்த சருகையும் பால்டின் அட்டையையும் கூட்டி வைத்துக் கொளுத்தினார். என்ன மாமா இது என்றேன். "கொசு வருதும்மா" என்றார்.

கடைக்குத் திரும்புகிறேன். இப்போது ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். கேரியரை மூடிக் கொடுத்தால் பை வந்துவிடும். அடுக்குகளைப் பிரித்து, நாமே குழம்பு வைத்திருக்கும் கண்ணாடித் தடுப்புக்கு மேலே வரிசையாக நீட்ட வேண்டும். "அண்ணே, நேரா ஊத்துங்க, ஒழுகினா என் பாடு" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழம்புக்கு ஆழமான கீழடுக்கு, சோற்றுக்கு நடு அடுக்கு. இதில் ஒரு லாபமும் இருக்கிறது, விளம்பரத்தில் யாரும் சொல்லாதது. காகிதத்தில் குவித்தால் மலை மாதிரி தெரியும் சோறு, அகலமான அடுக்கில் பரவினால் கொஞ்சமாகத் தெரிகிறது. பரிமாறுகிறவருக்கு மனசு கேட்காமல் இன்னும் அரைக் கரண்டி போடுகிறார். அந்த 30 காசு அதிலேயே கழிந்துவிடும்.

நுரை பொங்க ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரேக்குக்குத்தான் இன்னும் வழி இல்லை. அடுக்கில் வாங்கினால் அலுவலகம் போவதற்குள் நுரை போய்விடும். பையில் கட்டித்தான் வாங்குகிறேன்.

ஒரு ஆளுக்கு மூன்றடுக்கு அதிகம், மேல் அடுக்கு பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. அதே கடையில் இரண்டடுக்கு இருக்கிறது, அதை எடுங்கள். கொக்கியை மட்டும் கடையிலேயே பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள். சில கேரியர்களில் கம்பி மெலிசாக இருக்கிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்த ஒன்றைக் குறைத்தது ரப்பர் வளையத்துக்காக.